தாத்தாவின் மடக்குக் கத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. தாத்தா கடைசிவரை இடுப்பில் வைத்திருந்த மடக்குக் கத்தி ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. கொம்புப் பிடி, நாலு விரற்கடை நீள அலகு, துருவேறி இறுகிக் கிடக்கிறது. 8 வயது மகளும் 12 வயது மகனும் "எனக்குத் தாங்க" என்று நிற்கிறார்கள். சரிசெய்து கொடுக்கலாமா, எப்படிப் பழக்குவது, வெளியே எடுத்துப்போனால் போலீஸ் தொந்தரவு வருமா?

கொடுக்கலாம். ஆனால் யாருக்கும் சொந்தமாக இப்போதே கொடுக்க வேண்டாம். கத்தி உங்கள் பையில் இருக்கட்டும். வேலை வரும்போது வெளியே எடுங்கள், மகன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே கத்தியில் வேலை செய்யட்டும் (மகளுக்கு வேறு கத்தி, அது கீழே வருகிறது), முடிந்ததும் துடைத்து உங்கள் பைக்கே திரும்பட்டும். ஒரு வருடமாவது வீட்டுப் பொதுக் கத்தியாக இப்படி ஓடிய பிறகுதான் "இது உன்னுடையது" என்ற பேச்சு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிறந்தநாளுக்கு ஒரு கத்தி வாங்கிக் கொடுத்துவிட்டு, "பாத்துப்பா, கைய வெட்டிக்காத" என்று சொல்வதோடு பழக்கம் முடிந்துவிடுகிறது. எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்ற விவரம் ஒன்றுகூட அந்த எச்சரிக்கையில் இல்லை.

முதலில் கத்தியைப் பார்ப்போம். மடக்குக் கத்தி திறந்த நிலையில் எதனால் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பழைய நாட்டுக் கத்திகள் பலவற்றில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே ஒரே ஒரு ஆணி. அந்த ஆணி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுதான் பிடிமானம். ஜப்பானில் மிக்கி நகரத்தில் செய்யும் ஹிகோனோகாமி என்ற சிறு கத்தியும் இதே வகை. ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பென்சில் சீவினார்கள். அடுத்த வகையில் பிடியின் முதுகுப்பக்கம் ஒரு பட்டை வில் இருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று விழும். சுவிட்சர்லாந்தில் 1884-இல் தொடங்கிய விக்டோரினாக்ஸின் சிறு கத்திகள் பெரும்பாலும் இப்படித்தான். மூன்றாவது, அலகு திறந்ததும் பூட்டிக்கொள்கிற வகை. பிரான்சின் ஓப்பினெல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையம் உண்டு, 1955-இல் சேர்த்தது. அதைத் திருப்பினால் அலகு அசையாது.

முதல் இரண்டு வகையிலும் பூட்டு கிடையாது. நுனியை எதிலாவது குத்தி அழுத்தினால் அலகு உள்பக்கமாக மடங்கி விரல்மேல் விழும். இந்தக் கத்திகளால் மோசமான காயம் ஏற்பட இது ஒரு முக்கியக் காரணம். நுங்கு வண்டிக்கு ஓட்டை போடுவது, பெல்ட்டில் துளை போடுவது, டப்பா மூடியை நெம்புவது எல்லாம் மடக்குக் கத்தியின் வேலையே இல்லை. துளைக்குத் தமரோ, காய்ச்சிய கம்பியோ, கூரான குச்சியோ எடுக்கட்டும். காலில் முள் ஏறினால் முள்வாங்கி இருக்கிறது. நுனி அழுத்தக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் முதல் நாளே, விளக்கத்தோடு, கத்தியை மடக்கிக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

தாத்தா கத்தியைச் சரிசெய்வது. இறுகிய கத்தியைக் குறடு போட்டு இழுக்காதீர்கள். ஆணி வளையும், கொம்பும் பிளக்கும். ஆணியின் இரண்டு பக்கமும் தையல் மெஷின் எண்ணெயை 2, 3 சொட்டு விட்டு, ஆணி இருக்கும் முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி சாய்த்து வையுங்கள். மறுநாள் அலகின் முதுகைத் துணியால் பிடித்து, மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் அசையுங்கள். சிவப்பாகக் கசடு கசியும். துடையுங்கள், மறுபடி எண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று நாளானாலும் அவசரம் வேண்டாம். முழு அகலத்துக்குத் திறந்தவுடன் ஆணிப் பள்ளத்தில் உள்ள கசட்டை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுங்கள்.

அலகின்மேல் உள்ள துருவுக்கு வீட்டிலேயே மருந்து உண்டு. ஊறிய புளியைத் தடவி 10 நிமிடம் விட்டுத் தேய்த்தால் சிவப்புத் துரு இளகும். ஆனால் புளியின் அமிலம் ஆணிப் பள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளே இருந்து மறுபடி துரு பிடிக்கும். அதனால் அந்த இடத்தில் முதலிலேயே எண்ணெய்த் துணி சுற்றிவிடுங்கள். தேய்த்ததும் சாம்பலோ சோப்போ போட்டுக் கழுவி, வெயிலில் 5 நிமிடம் காயவைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். மிச்சமிருக்கும் புள்ளிகளுக்கு 400 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு அலகின் நீளவாக்கில் தேய்த்தால் போதும். கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ படிந்திருப்பதை விட்டுவிடுங்கள். அது துரு அல்ல, கார்பன் எஃகின்மேல் தானாகப் படியும் படலம். அடியில் உள்ள இரும்பைக் கொஞ்சம் காப்பாற்றும். பளபளப்பாக்குகிறேன் என்று அதையும் உரித்தால் முதல் மாங்காய் வெட்டியதும் அலகு மறுபடி கருக்கும், மாங்காயிலும் இரும்பு வாடை ஏறும்.

எண்ணெயில் ஒரு நுணுக்கம். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. உணவில் பட்டாலும் பாதகமில்லை, லேசில் பிசின் ஆகாது. நல்லெண்ணெய் பூசினால் சில வாரத்தில் காய்ந்து ஒட்டும், ஆணிக்குள் போனால் கத்தி மறுபடி இறுகும். ஆணிக்கு எப்போதும் மெஷின் எண்ணெய்தான்.

கொம்புப் பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, வெந்நீர் பக்கமே போகக் கூடாது. அது மாட்டுக் கொம்போ எருமைக் கொம்போ என்றால் பிரச்சினை இல்லை. மேலே சொரசொரவென்று வரி ஓடி, வெட்டுவாயில் நடுவே துளைத்துளையாக இருந்தால் மான் கொம்பாக இருக்கலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அதை வாங்கவோ விற்கவோ முடியாது, உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல். அப்படித் தோன்றினால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துரு போனதும் ஆணி தளர்ந்திருப்பது தெரியும், துருதானே அதுவரை இறுக்கிப் பிடித்திருந்தது! கத்தியைப் பாதி திறந்து பிடியை லேசாக உதறுங்கள். அலகு தன் எடையில் விழுந்தால் அது பிள்ளைகளுக்கு ஆகாது. சரிசெய்ய, ஆணியின் ஒரு தலையைக் கனமான இரும்பின்மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் மறுதலையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நடுவில் ஓங்கி அடித்தால் ஆணி உள்ளே வீங்கும், கொம்பு வெடிக்கும். இரண்டு தட்டு, ஒரு சோதனை, மறுபடி இரண்டு தட்டு. அதிகம் இறுகிவிட்டால் எண்ணெய் விட்டு ஐம்பது தடவை திறந்து மூடினால் தானே இளகும். சுத்தியல் பழக்கம் இல்லாதவர்கள் ஆசாரியிடம் கொடுங்கள். அஞ்சு நிமிட வேலை.

கூர் இல்லாத கத்தி பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மழுங்கிய கத்தி பிடிக்காது. பிள்ளை பலம் கொடுக்கும். கொய்யாவின் தோலில் வழுக்கி, கொடுத்த பலமெல்லாம் மறுகையில் போய் முடியும். அந்த வெட்டும் பிய்த்துப் பிய்த்து இருக்கும், ஆறத் தாமதமாகும். கூரான கத்திக்குப் பலமே வேண்டாம், அதனால் பிள்ளைக்கு நிறுத்தவும் முடிகிறது. கொடுப்பதானால் நன்றாகத் தீட்டிக் கொடுங்கள்.

தீட்டுவதற்குச் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் சிறு கத்தியைக் கொடுக்காதீர்கள். அருவாளுக்கும் அருவாமணைக்கும் அவர் கை சரி. ஆனால் மெல்லிய அலகு சுழலும் சாணையில் நொடியில் சூடேறும். விளிம்பு நீல நிறமாக மாறினால் அங்கே கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸ் எட்டி, பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்பின் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. அந்த நீலம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை இதே கதைதான். மதுரை மாசி வீதிப் பக்கத்து இரும்புக் கடைகளில் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். 6 அங்குலக் கல் இந்தக் கத்திக்குத் தாராளம்.

கல்லை ஈரத்துணிமேல் வையுங்கள், நகராது. கல்லுக்குத் தண்ணீரோ மெஷின் எண்ணெயோ விடலாம், ஒன்றைத் தொடங்கினால் அதிலேயே தொடருங்கள். சாய்வுக்கு ஒரு கணக்கு: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகு கல்லிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் அகல அலகுக்கு அரை சென்டிமீட்டர். அது ஏறக்குறைய 20 டிகிரி. அந்தச் சாய்விலேயே வாய், அதாவது வெட்டும் விளிம்பு, முன்னால் போகும்படி, கல்லின் மேலிருந்து மெல்லிய ஏடு சீவுவதுபோல் தள்ளுங்கள். ஒரே பக்கம் 15, 20 தடவை தள்ளியதும் மறுபக்கத்தில் கட்டைவிரலின் சதையை முதுகிலிருந்து வாய் நோக்கி இழுத்துப் பாருங்கள். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது. பிசிறு ஒன்று, அதாவது அந்தப் பக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு ஓரம், தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வராத இடத்தில் கல் வாயைத் தொடவே இல்லை. மறுபக்கமும் அப்படியே. பிறகு நைஸ் பக்கத்தில் மாற்றி மாற்றி லேசாக 10 தடவை, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னால் போகும்படி இழுத்தால் பிசிறு உதிரும். பிசிறோடு விட்ட கத்தி முதல் நாள் நன்றாக வெட்டி இரண்டாம் நாள் மழுங்கியதுபோல் இருக்கும். "கல் சரியில்லை" என்ற புகார்களில் பாதி இந்தப் பிசிறுதான்.

சோதனைக்குத் தினசரி காலண்டர் தாள். கிழித்த தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அறுத்தால் சிக்காமல் போக வேண்டும். நகத்தில் வைத்துப் பார்ப்பது, கை மயிரை மழிப்பது எல்லாம் பிள்ளைகள் முன்னால் செய்யவே வேண்டாம். நீங்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்வார்கள்.

இனி பிள்ளைகள். 8 வயது மகளுக்குத் தாத்தா கத்தி இப்போது ஏற்றதல்ல. காரணம் வயது மட்டுமல்ல. பூட்டில்லாத கத்தியைத் திறந்து மூடுவது தனி வித்தை, நறுக்குவது தனி வித்தை. இரண்டையும் ஒரே நாளில் சொல்லித்தரக் கூடாது. அவளுக்கு மடங்காத சிறு கத்தி, 6, 7 சென்டிமீட்டர் அலகு, முனை உருண்டது, அவள் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமான பிடி. விக்டோரினாக்ஸும் ஓப்பினெலும் உருண்டை முனையோடு சிறுவர் கத்தி போடுகிறார்கள். அந்தச் செலவு தேவையில்லை என்றால் சாதாரணப் பழக் கத்தியின் நுனியைக் கல்லில் உருட்டிவிட்டால் போதும். அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் சொல்லிச் செய்ய நினைத்தால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: முதுகு 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அவர்கள் கை லாரிப் பட்டையில் கனமாக அடித்துப் பழகிய கை. எஃகு அருமையாக இருக்கும், ஆனால் தடித்த சிறு கத்தி காயை அறுக்காமல் பிளக்கும். ரம்பப் பிளேடைத் தேய்த்து யாராவது கத்தி செய்து கொடுத்தால் வாங்காதீர்கள். கை ரம்பப் பிளேடுகள் பலவற்றில் பல் ஓரம் மட்டும்தான் கடினம், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் மெத்து இரும்பு.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள ஒரு சிக்கல் அருவாமணை. அதில் அலகு அசையாது, காயைத்தான் அலகை நோக்கித் தள்ளுகிறோம். அம்மாவோடு அருவாமணையில் உட்கார்ந்து பழகிய பிள்ளை கையில் கத்தி வந்ததும், கத்தியை நிறுத்தி வைத்துப் பொருளை அதற்குள் இழுக்கும். விரல் போகும் திசையும் வாய் இருக்கும் திசையும் ஒன்றாகிவிடும். இதைப் பிள்ளையிடமே எடுத்துச் சொல்லுங்கள்: அருவாமணையில் காய் நகரும், கத்தியில் கத்திதான் நகரும், பிடிக்கிற கை எப்போதும் கத்தியின் முதுகுக்குப் பின்னால்.

உட்காரும் முறை. நின்றுகொண்டோ நடந்துகொண்டோ எதுவும் வேண்டாம். திண்ணையிலோ படியிலோ உட்கார்ந்து, மூடிய கத்தியோடு கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றட்டும். அந்தக் கை எட்டும் வட்டத்துக்குள் தம்பி, தங்கை, பூனை யாரும் இருக்கக் கூடாது. யாராவது உள்ளே வந்தால் கத்தி மூட வேண்டும், "தள்ளு" என்று கத்தியை ஆட்டிச் சொல்லக் கூடாது. சீவும்போது முழங்கைகள் முழங்கால்களின் மேல், வேலை முழங்காலுக்கு அப்பால். இரண்டு தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவவே கூடாது. உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே வெட்டு விழுந்தால் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

முதல் வேலை குளியல் சோப். ஒரு கட்டியை மீன் வடிவில் சீவட்டும். கத்தி எவ்வளவு லேசாகப் போக வேண்டும் என்பது சோப்பில்தான் விரலுக்குப் புரியும். அடுத்து பலகைமேல் வெள்ளரிப் பிஞ்சு. பிறகு பச்சைக் குச்சிகள். முருங்கை, கல்யாண முருங்கை இரண்டும் பஞ்சுபோல் சீவ வரும். வேம்பு கொஞ்சம் இறுக்கம், அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருவேல், புளி, காய்ந்த கொய்யா வேண்டவே வேண்டாம். அரளிக் குச்சியைத் தொடவிடாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம், சீவிய குச்சியைப் பிள்ளைகள் வாயில் வைப்பது சகஜம். எருக்கு, கள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து.

சீவலில் கையசைவு நீளமாக இருக்கக் கூடாது. குச்சியைப் பிடித்த கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து, அந்தக் கட்டைவிரலால் மட்டும் தள்ளச் சொல்லுங்கள். ஒரு தள்ளலில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான் போகும். அதற்கு மேல் போகவே முடியாது என்பதால் கத்தி தப்பி ஓடுவதில்லை. குச்சியிலிருந்து சுருள் மெல்லியதாக, அறுந்துபோகாமல் வந்தால் சாய்வு சரி. கட்டி கட்டியாகப் பிய்ந்தால் கத்தி செங்குத்தாக நிற்கிறது, முதுகைக் குச்சியை நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். கணுவில் மாட்டிக்கொண்டால் பலம் கொடுக்கக் கூடாது, மறுபக்கத்திலிருந்து வர வேண்டும்.

மகனுக்கு மடக்குக் கத்தியின் திறப்பும் மூடலும். மூடும்போதுதான் விரல் போகிறது. பிடியைச் சுற்றி நான்கு விரலையும் மடக்கிப் பிடித்தபடி மூடினால், அலகு வந்து விழும் பள்ளத்தின் வாயிலேயே விரல்நுனிகள் இருக்கும். சரியான முறை: பிடியின் இரண்டு பக்கவாட்டிலும் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற விரல்கள். பள்ளம் திறந்து தெரிய வேண்டும். மறுகையின் உள்ளங்கையை அலகின் முதுகில் வைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். வில் வகையானால் கடைசிக் கால்வாசியில் வில்லே இழுத்துக்கொள்ளும், அங்கேதான் கவனம். திறக்கும்போது நகக்குழியில் நகத்தை வைத்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அலகின் பக்கங்களைப் பற்றி முழுக்கத் திறக்கும்வரை விடக் கூடாது. நகம் வலிக்கிற அளவு வில் இறுக்கமானால் அந்தக் கத்தி அவன் கைக்கு இன்னும் பெரிது. அலகில் இரண்டு சுற்று டேப் ஒட்டி ஒரு வாரம் திறந்து மூடிப் பழகட்டும். டேப்பைக் கழற்றும்போது விரல்கள் தானாகவே இடம் பிடித்திருக்கும்.

கத்தியைக் கைமாற்றுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு. கத்தி, கத்தரியைக் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள் பெரியவர்கள். சண்டை வரும் என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் முறை கச்சிதம். ஒரே நேரத்தில் இரண்டு கை ஒரு கத்தியில் இருப்பதில்லை. மூடி, கீழே வைத்து, கை எடுத்த பிறகு அடுத்தவர் எடுக்கட்டும். கீழே விழும் கத்தியைப் பிடிக்கப் போகவே கூடாது, காலை விலக்கிக்கொண்டால் போதும்.

வேலை இல்லாமல் கத்தி மட்டும் இருந்தால் மரத்தில் பேர் செதுக்கத்தான் போவார்கள், அதனால் வேலையைத் தேடிக் கொடுங்கள். பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு வரும்போது தோலுரித்து நடுநரம்பை எடுப்பது, கோடையில் மாங்காயைக் கீற்றுப் போடுவது (வெட்டியதும் அலகைக் கழுவித் துடைக்க வேண்டும்), பூக்கட்டும் நாரை அளவாக நறுக்குவது, பென்சில் சீவுவது. பனையோலைக் காற்றாடி 12 வயதுக்கு நல்ல பாடம்: ஓலையிலிருந்து ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு ஒரே அளவில் வெட்ட வேண்டும். அளவு பிசகினால் காற்றாடி தள்ளாடும். சிலுவையாகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, சோளத்தட்டையில் குத்தினால் ஓடும். ஓலை வழுக்கும் என்பதால் பலகைமேல் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

"அந்தக் காலத்தில் பிள்ளைகளிடம் யார் கத்தி கொடுத்தார்கள்" என்று வீட்டில் யாராவது கேட்டால் மடக்கெழுத்தாணியைச் சொல்லுங்கள். ஒரே பிடிக்குள் ஒரு பக்கம் ஓலை வாரும் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டும் உள்ளே மடங்கும். ஓலையில் எழுதப் படித்த தலைமுறைகளுக்குச் சிறு மடக்குக் கத்தி எழுதுகோலின் ஒரு பாகம். பின்னால் வந்த தலைமுறை பென்சில் சீவ அரை சவர பிளேடைத் தாளில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு போனது. பிடியே இல்லாத அந்த பிளேடைவிட மடக்குக் கத்தி எவ்வளவோ மேல்.

இருந்தாலும் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கத்தி போகவே கூடாது. எவ்வளவு சிறியதானாலும் சரி, பென்சில் சீவ என்றாலும் சரி. பள்ளிப் பையில் கத்தி அகப்பட்டால் விளக்கம் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது, பிள்ளையின் படிப்பே சிக்கலாகும். டியூஷன், விளையாட்டு மைதானம், நண்பர்கள் வீடு எல்லாவற்றுக்கும் இதே விதி. மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் எடுத்துப்போவதைப் பற்றி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 ஆயுத விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாலு விரற்கடை அலகு, அதாவது 3 அங்குலம் சொச்சம், அந்தக் கணக்கில் எங்குமே வராது. ஆனால் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு அறிவிக்க வழி இருக்கிறது. டெல்லியில் பட்டன், ஸ்பிரிங் போன்ற விசையால் திறக்கும் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் அலகிலேயே தடை வந்துவிடுகிறது. பட்டன் கத்தியை எந்த ஊரிலும் வாங்காதீர்கள். அதற்கு வீட்டு வேலை என்று சொல்ல ஒன்றுமில்லை, பார்க்கிறவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சட்டத்தில் இடம் இருந்தாலும் இடம் பொருள் பார்க்க வேண்டும். மீனாட்சி கோயில் வாசல் சோதனை, விமான நிலையம், உயர்நீதிமன்றக் கிளை, கலெக்டர் அலுவலகம் ஆகிய இடங்களுக்குக் கத்தியோடு போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, ஒப்படைக்கும் பெட்டியில் போகலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள், அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுக் கூட்டம், தேர்தல் நேரம் போன்ற சமயங்களில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவில், அதாவது பழைய 144-இல், தடையுத்தரவு போட்டிருந்தால் சிறு கத்திக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். தோட்டம், வயல், வெளியூர்ப் பயணத்தில் பழம் நறுக்குவது ஆகியவற்றில் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் வேலையைச் சொல்லுங்கள், "தற்காப்புக்கு" என்ற வார்த்தை மட்டும் வரக் கூடாது. அந்த எண்ணத்தோடு எடுத்துப்போவதும் கூடாது.

சட்டைப்பையில் வைத்தால் கிணற்றடியில் குனியும்போது விழும். பேண்ட் பையில் சில்லறையோடு போட்டால் தளர்ந்த அலகு கொஞ்சம் திறந்துகொள்ளும். சிறு துணிச்சுருக்குப் பையில் போட்டு அதைப் பேண்ட் பையில் வைப்பது நல்லது. பழைய ஆட்கள் சாவியையும் முள்வாங்கியையும் அரைஞாண் கயிற்றில் கட்டியதுபோல, பிடியில் துளை இருந்தால் கயிறு போட்டுப் பெல்ட்டில் மாட்டலாம். நம் ஊர் வேர்வைக்குக் கார்பன் எஃகு இரண்டே நாளில் சிவக்கும், ராத்திரி வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும்.

எவ்வளவு பழக்கினாலும் ஒரு நாள் விரல் வெட்டுப்படும். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கட்டும். காபித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் தூள் எதையும் அப்பாதீர்கள். அழுக்கு உள்ளே போகும், தையல் போட வேண்டுமானால் டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். வெட்டு வாய் பிளந்து நின்றாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, நுனி மரத்துப்போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. மடக்க முடியாத விரலில் தசைநாண் அறுந்திருக்கலாம், தள்ளிப்போட்டால் சேர்ப்பது கஷ்டம். வெட்டுக் காயத்தில் டெட்டனஸ் (ரணஜன்னி) வராமல் இருக்க, அரசு அட்டவணைப்படி 5, 6 வயதில் டிபிடி ஊசியும், 10-இலும் 16-இலும் டிடி ஊசியும் உண்டு. மகனுக்கு 10 வயது ஊசி போட்டாயிற்றா என்று இப்போதே அட்டையைப் பாருங்கள்.

சொந்தமாகக் கொடுப்பது எப்போது என்றால், வயதைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். மகன் தானே தீட்டி, பிசிறு எடுத்து, காலண்டர் தாளை அறுத்துக் காட்டட்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் கத்தி துருவில்லாமல், ஆணி இறுக்கமாக இருக்கட்டும். அப்போது அவனுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுங்கள், வில் வகை, 6, 7 சென்டிமீட்டர் அலகு. மகளுக்கும் இதே பரீட்சை, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். விதி மீறினால் திட்ட வேண்டாம், கத்தி ஒரு வாரம் உங்கள் பைக்குத் திரும்பட்டும். தாத்தா கத்தி ஒன்றே ஒன்று என்பதால் அது இருவரில் யாருக்கும் தனியாகப் போக வேண்டாம். வீட்டுப் பொதுக் கத்தியாகவே இருக்கட்டும். கல்லும் எண்ணெயும் அதோடு ஒரே டப்பாவில்.